மஞ்சள் விளக்கு இரண்டு முறை எரிந்தது: டயர் காற்றழுத்த எச்சரிக்கையை வீட்டில் ஆராய்ந்த ஒரு நிகழ்வு

கோயம்புத்தூரில் எங்கள் குடும்பம் பயன்படுத்தும் கார் 2018-இல் வாங்கியது. அதன் நான்கு சக்கரங்களுக்குள்ளும் காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலையில் அனுப்பும் சென்சார்கள் இருக்கின்றன. ஆனால் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் வசதி டாஷ்போர்டில் இல்லை; குறுக்காக வெட்டிய டயரின் வடிவத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறியைக் கொண்ட மஞ்சள் விளக்கு மட்டுமே உண்டு. கடந்த டிசம்பர் முதல் வாரத்தில் அந்த விளக்கு எரிந்தது. காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகு, அதே மாதக் கடைசியில் மீண்டும் எரிந்தது. இரண்டு முறையும் எரிந்தது ஒரே விளக்குதான் என்றாலும் காரணங்கள் வெவ்வேறு; அவற்றுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. அவை எவ்வாறு பிரித்தறியப்பட்டன, வீட்டிலேயே எவற்றைச் செய்ய முடிந்தது, எந்த இடத்தில் வீட்டு வேலை முடிந்து டயர் கடையின் வேலை தொடங்கியது என்பதை, நான் செய்யவிருந்த ஒரு தவற்றையும் சேர்த்து, இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் காலையின் அளவுகள்

காலை ஆறரை மணிக்கு வண்டியைக் கிளப்பியபோது விளக்கு சிமிட்டாமல், நிலையாக எரிந்தது. பலரும் செய்வதைப் போல அப்படியே பெட்ரோல் பங்குக்கு ஓட்டிச் சென்று காற்றுப் பிடித்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும். காரணமும் அதோடு மறைந்திருக்கும். வண்டியை நகர்த்தாமல் முதலில் அளந்தேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியுள்ள சீட்டில், மூன்று பேர் வரை செல்லும்போது முன்னும் பின்னும் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்றும், முழுச் சுமையோடு செல்லும்போது பின்சக்கரங்களுக்கு 36 என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த எண்கள் குளிர்ந்த டயருக்கு உரியவை. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருக்க வேண்டும். அந்த நிலையில் அளப்பதுதான் அளவு. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தமே தவிர, நிரப்ப வேண்டிய அழுத்தம் அன்று. இந்தக் குழப்பத்தால் அளவுக்கு மீறிக் காற்று நிரப்பிக்கொண்டு ஓட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கேஜ் ஒன்று வீட்டில் இருந்தது. முன் இடது சக்கரத்தில் 29.5, முன் வலதில் 29, பின் வலதில் 29, பின் இடதில் 24.5. இந்த நான்கு எண்களும் இரண்டு கேள்விகளை எழுப்பின. பதினொரு நாட்களுக்கு முன்புதான் நான்கு சக்கரங்களிலும் 33 என்று நிரப்பியிருக்க, எல்லாமே ஏன் ஏறத்தாழ நான்கு குறைந்திருக்கின்றன? பின் இடது சக்கரம் மட்டும் ஏன் அதற்கும் கீழே மேலும் நாலரை இறங்கியிருக்கிறது?

எல்லாச் சக்கரங்களிலும் குறைந்த நான்கு

முதல் கேள்விக்கு விடை, நிரப்பிய நேரத்தில் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் வழியில், பிற்பகல் வெயிலில் நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு பங்கில் நிறுத்தியிருந்தேன். காற்றடிக்கும் பையன், "எவ்வளவுங்க வைக்கட்டும்?" என்று கேட்டபோது, சீட்டில் உள்ள எண்ணையே சொன்னேன். அவர் சரியாகவே 33 வைத்தார். தவறு என்னுடையது: சூடான டயரில் குளிர்ந்த டயருக்குரிய எண்ணை வைக்கச் சொன்னேன்.

டயருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் வெப்பத்தோடு ஏறி இறங்கும். கணக்கிடும்போது கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வெப்பத்தைக் கெல்வினில் எடுக்க வேண்டும். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ. ஆகவே நிரப்பிய நேரத்தில் டயருக்குள் இருந்த மொத்த அழுத்தம் 47. அப்போது உள்ளே காற்று 45 டிகிரி செல்சியஸில், அதாவது 318 கெல்வினில் இருந்தது என்று கொண்டால், டிசம்பர்க் காலையின் 19 டிகிரிக்கு, அதாவது 292 கெல்வினுக்கு இறங்கும்போது மொத்த அழுத்தம் ஏறத்தாழ 43 ஆகிறது. வெளிக்காற்றின் 14-ஐக் கழித்தால் 29. மூன்று சக்கரங்களிலும் கேஜ் காட்டியது இதைத்தான். அவற்றில் கசிவு எதுவும் இல்லை. பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் நம் ஊர் வெப்பநிலைகளுக்குப் போதுமான அளவு பொருந்தும்.

இதே கணக்கு, உதகைக்குப் போகும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்ற, ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் எழும் கேள்விக்கும் விடை தருகிறது. குளிரால் டயருக்குள் மொத்த அழுத்தம் 47-லிருந்து சுமார் 45-க்கு இறங்குகிறது. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 11-க்குக் குறைந்துவிடுகிறது. கேஜ் காட்டும் எண் 33-ஐ ஒட்டியே நிற்கும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

விளக்கு எந்த அளவில் எரிகிறது

பின் இடது சக்கரத்தின் கதைக்குப் போகுமுன், இந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தவை. மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தனர். அதே ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கப்படும் எல்லா இலகு வாகனங்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். இந்தியாவில், டியூப்லெஸ் டயர்களோடு இந்த எச்சரிக்கை அமைப்பும் பஞ்சர் ஒட்டும் கருவிகளும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே காரை விற்கலாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது.

அமெரிக்க விதியின்படி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறையும்போது விளக்கு எரிந்தாக வேண்டும். 33-க்கு அது ஏறத்தாழ 24.8. எந்த அளவில் எரிய வேண்டும் என்பதை நிறுவனங்கள் இதைவிடச் சற்று மேலேயும் வைக்கலாம் என்றாலும், என் வண்டியின் விளக்கு எரிந்த காலையில் இருந்த 24.5 இந்த எல்லையோடு நன்றாகப் பொருந்துகிறது. இதிலிருந்து நான் புரிந்துகொண்டது முக்கியமானது. மற்ற மூன்று சக்கரங்களும் நான்கு பி.எஸ்.ஐ. குறைவாக, டயரின் இரு ஓரங்களும் தேயும்படியும் பெட்ரோல் வீணாகும்படியும் பதினொரு நாட்கள் ஓடியிருக்கின்றன. விளக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதற்காக அது வைக்கப்படவும் இல்லை. ஆபத்தின் வாசலில்தான் அது எரிகிறது. அதற்கு முன்னால் உள்ள இடைவெளி முழுவதும் கேஜின் பொறுப்பு.

எட்டு நாள் பதிவு

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய காற்றுப் பம்பால் நான்கு சக்கரங்களிலும் குளிர்ந்த நிலையில் 33 நிரப்பினேன். விளக்கு உடனே அணையவில்லை. நிற்கும்போது சென்சார்கள் பேட்டரியை மிச்சப்படுத்த உறங்குகின்றன. சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்து, ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை தம் அளவை அனுப்புகின்றன. அவிநாசி சாலையைத் தொட்டுச் சில நிமிடங்கள் ஓட்டியதும் விளக்கு அணைந்தது.

அன்று முதல் தினமும் காலை ஆறரைக்கு, வண்டியை எடுப்பதற்கு முன், நான்கு சக்கரங்களையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று சக்கரங்கள் 33-க்கும் 32.5-க்கும் இடையிலேயே நின்றன. அந்த அரை பி.எஸ்.ஐ. கேஜின் துல்லியத்துக்குள் அடங்குவது. பின் இடது சக்கரம் முதல் நாள் 33, அடுத்த நாள் 32.5, பிறகு 32, மறுநாளும் 32, பிறகு 31.5, 31, 30.5, எட்டாம் காலையில் 30. ஒரு நாள் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. எட்டு எண்களையும் மற்ற மூன்று வரிசைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கசிவு ஐயமில்லாமல் தெரிந்தது: நாளொன்றுக்கு 0.4-ஐச் சற்றே தாண்டுகிறது. பங்கில் நிரப்பிய பதினொரு நாட்களில் நாலரை குறைந்ததும் இதே வேகம்தான். ஆகவே கசிவு அன்றைக்கே, காற்றுப் பிடித்த அன்றே, தொடங்கியிருக்க வேண்டும் என்று எண்ணினேன். விளக்கை மட்டும் நம்பியிருந்தால், அது மீண்டும் எரிய இன்னும் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருக்கும்.

சோப்பு நீர்

கசிவைத் தேடுவதற்கு முன், எவ்வளவு சிறியதைத் தேடுகிறோம் என்று கணக்கிட்டுக்கொண்டது உதவியது. இந்த அளவு டயருக்குள் சுமார் 35 லிட்டர் இடம் இருக்கிறது. நாளுக்கு 0.43 பி.எஸ்.ஐ. குறைகிறது என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை மிளகு அளவுள்ள ஒரு குமிழி. காதுக்குக் கேட்காது, கைக்கும் தெரியாது. அவசரமாகப் பார்த்தால் கண்ணிலிருந்தும் தப்பிவிடும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலந்து, செடிக்குத் தெளிக்கும் குப்பியில் ஊற்றிக்கொண்டேன். முதலில் தரையில் பதியும் மேல்பட்டை. தரையோடு ஒட்டியிருக்கும் பகுதி மறைந்திருப்பதால், அதைப் பார்த்து முடித்ததும் வண்டியை அரைச் சுற்று முன்னால் நகர்த்தி மீண்டும் பார்த்தேன். ஆணி இல்லை, குமிழி இல்லை. அடுத்து டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம், வெளிப்பக்கம் முழு வட்டமாகவும், உட்பக்கம் டார்ச்சும் கண்ணாடியும் கொண்டு எட்டியவரையும். அங்கும் இல்லை. வால்வுத் தண்டு ரிம்மைத் துளைத்து வரும் அடிப்பகுதியிலும் இல்லை. கடைசியாக மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு துளி விட்டேன். துளி மெல்ல உப்பி, ஒரு குமிழியாகி உடைந்தது, மீண்டும் உப்பியது.

சிறுவயதில் சைக்கிள் கடைகளில் காற்றடித்து முடித்ததும் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு அறிவார்ந்தது என்று அந்தக் காலையில் தோன்றியது. தேடலை நான் வால்வின் வாயிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். காற்றுப் பிடித்த அன்றே கசிவு தொடங்கியது என்று தெரிந்த பிறகு, அன்று தொடப்பட்ட ஒரே இடம் அதுதான்.

வால்வு பின் மாற்றியது

வால்வுக்குள் திருகப்பட்டிருக்கும் சிறிய அடைப்பானை எங்கள் ஊரில் வால்வு பின் என்பார்கள். அதற்குரிய சாவியால் கால் சுற்று இறுக்கிப் பார்த்தேன். குமிழி வேகம் குறைந்தது, நிற்கவில்லை. மேலும் இறுக்குவது மரையைக் கெடுக்கும் என்பதால் மாற்ற முடிவு செய்தேன்.

இங்கேதான் நான் தவறு செய்யவிருந்தேன். அருகிலுள்ள சைக்கிள் கடையில் வால்வு பின் வாங்கி வந்தேன். மரையும் நீளமும் ஒன்றே. ஆனால் அது மஞ்சள் நிறப் பித்தளை. பொருத்துவதற்கு முன் பழையதைப் பற்றி விசாரித்தபோதுதான், சென்சாரோடு சேர்ந்து வரும் வால்வுத் தண்டு அலுமினியம் என்பதையும், அதற்குள் நிக்கல் முலாம் பூசிய வெள்ளை நிறப் பின் மட்டுமே போட வேண்டும் என்பதையும் அறிந்தேன். அலுமினியமும் பூச்சில்லாத பித்தளையும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஓரிரு ஆண்டில் பின் தண்டோடு ஒட்டிக்கொண்டு, கழற்ற முயலும்போது தண்டே முறியும். தண்டு முறிந்தால் பல மாதிரிகளில் சென்சாரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிடும். அழகுக்காகப் போடும் உலோக மூடிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பிளாஸ்டிக் மூடியே நல்லது. ஆனால் மூடி கட்டாயம் இருக்க வேண்டும், தூசியைத் தடுப்பது அதுதான். டயர் கடைக்குப் போய் நிக்கல் பூசிய பின்னை வாங்கி வந்தேன்.

பின்னைக் கழற்றினால் காற்று முழுவதும் வெளியேறும். வண்டியின் எடை டயரை நசுக்கிவிடும். ஆகவே சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஜாக்கியால் பின் இடது பக்கத்தைத் தூக்கிய பிறகே கழற்றினேன். எடை இல்லாதபோது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவுவதில்லை. வெளியே வந்த பின்னின் ரப்பர் வளையத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு மணல் துணுக்கு பதிந்திருந்தது. காற்றடிக்கும் குழாயின் முனையில் ஒட்டியிருந்தது உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். புதிய பின்னைப் போட்டு, வெறுமையிலிருந்து 33 வரை நிரப்பப் பம்புக்கு ஏறத்தாழ பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகு பத்து நாட்கள் அளந்தேன். நான்கு வரிசைகளும் ஒன்றுபோல நின்றன.

இரண்டாம் முறை: சிமிட்டிய விளக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை, சாவியைத் திருப்பியதும் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தது. நான்கு சக்கரங்களையும் அளந்தேன்: எல்லாம் 33-ஐ ஒட்டி. இந்தச் சிமிட்டலைக் கவனிக்காமல், ஐந்து நிமிடம் கழித்து விளக்கைப் பார்ப்பவருக்கு, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் வேறுபாடே தெரியாது. கிளப்பியதும் 60 முதல் 90 விநாடி வரை சிமிட்டிப் பிறகு நிலைத்தால், காற்று குறைவு என்பது பொருள் அன்று; அமைப்பால் தன் வேலையைச் செய்ய முடியவில்லை என்பது பொருள். அமெரிக்க விதி வகுத்த இந்த மொழியையே பல நிறுவனங்கள் மற்ற நாடுகளிலும் பின்பற்றுகின்றன.

அன்று வீட்டுக்கு வந்திருந்த தம்பி, "அண்ணா, ரீசெட் பட்டனை அமுக்குங்க, போயிடும்" என்றான். அவனுடைய காரில் அப்படி ஒரு பட்டன் உண்டு. என் காரில் இல்லை. அந்த வேறுபாட்டை விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் மிகுதியான பேர் தவறுகிறார்கள். அவன் காரின் சக்கரங்களுக்குள் சென்சாரே கிடையாது. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் கருவிகளையே அது பயன்படுத்துகிறது. காற்று குறைந்த டயரின் சுழல் ஆரம் மிகச் சிறிதளவு சுருங்கும். ஆகவே அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டைத்தான் அது கண்டுபிடிக்கிறது. அதற்கு அழுத்தம் என்னவென்று தெரியாது. சரியான நிலை எது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ரீசெட் பட்டன் அதற்காகவே இருக்கிறது: நான்கு டயர்களையும் அளந்து நிரப்பிய பிறகு, "இதுதான் சரியான நிலை, இதை நினைவில் கொள்" என்று சொல்ல. காற்றைப் பார்க்காமல் பட்டனை அழுத்தினால், குறைந்த அழுத்தத்தையே சரியென்று அது கற்றுக்கொள்ளும்; அதற்கும் கீழே வெகுதூரம் இறங்கினால்தான் அடுத்த எச்சரிக்கை வரும். தம்பியின் காரை அப்போதே அளந்தோம். ஒரு சக்கரத்தில் 26 இருந்தது. அவன் அந்த மாதத்தில் இரண்டு முறை பட்டனை அழுத்தியிருந்தான், விளக்கும் அணைந்தே இருந்தது. நான்கையும் நிரப்பி, அதன் பிறகு ரீசெட் செய்து அனுப்பினேன். அந்தச் சக்கரத்தில் ஒரு சிறிய ஆணி இருந்ததாக மறுநாள் பஞ்சர் கடையிலிருந்து சொன்னான்.

எந்தச் சென்சார்?

என் காருக்குத் திரும்பினால், நான்கு சென்சார்களில் ஒன்றாவது பேசவில்லை என்பது தெளிவு. சென்சாருக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியின் ஆயுள் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள். வண்டிக்கு ஏழாண்டு கடந்துவிட்டது. 2022-இல் டயர்களை மாற்றியபோது சென்சார்களை மாற்றவில்லை. ஆனால் நான்கில் எது? கடைகளில் இதற்கென்று கையடக்கக் கருவி உண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் வைத்துச் சென்சாரை எழுப்பிப் பதிலைப் படிக்கும். வீட்டில் அது இல்லை. இருந்தது, கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் ஒரு சிறிய வானொலி ஏற்பி. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டு, பிறகு ஆர்வலர்கள் எல்லா அலைவரிசைகளையும் கேட்கப் பயன்படுத்தத் தொடங்கிய வகை. என் வண்டியின் சென்சார்கள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அந்த அலைவரிசையில் வரும் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் ஆர்.டி.எல். 433 என்ற திறந்தமூல மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பலவகை டயர் சென்சார்களின் மொழி அதற்குத் தெரியும். ஆன்டெனாவாக 17 சென்டிமீட்டர் கம்பி போதும்.

சென்சார் அனுப்பும் செய்தியில் அதன் அடையாள எண்ணும், அழுத்தமும், வெப்பமும் இருக்கும். எந்தச் சக்கரம் என்பது இருக்காது. இந்தச் சிக்கலுக்கு ஓர் எளிய வழி தோன்றியது. நான்கு சக்கரங்களிலும் வேண்டுமென்றே வெவ்வேறு அழுத்தம் வைத்தேன்: முன் இடது 31, முன் வலது 33, பின் இடது 35, பின் வலது 37. தம்பி மெதுவாக ஓட்ட, நான் மடிக்கணினியோடு பக்கத்தில் அமர்ந்து, போக்குவரத்துக் குறைந்த தெருக்களில் கால் மணி நேரம் சுற்றினோம். வழியில் கடந்துபோன வண்டிகளின் சென்சார்களும் திரையில் வந்து போயின. ஓட்டம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தவை மட்டுமே எங்களுடையவை. (இந்தச் செய்திகளை யார் வேண்டுமானாலும் கேட்க முடியும் என்பதை 2010-லேயே அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவிலிருந்து கேட்டுக் காட்டினார்கள். வண்டியைப் பின்தொடர இது பயன்படக்கூடும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானது.)

மூன்று எண்கள் மட்டுமே வந்தன: 225, 253, 267 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் மற்றோர் அலகு; ஏறத்தாழ ஏழு சேர்ந்தால் ஒரு பி.எஸ்.ஐ.). ஓட்டத்தில் டயர் சூடேறியதால் எல்லாமே ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. உயர்ந்திருந்தன, ஆனால் அவற்றுக்கு இடையேயான தொலைவு மாறவில்லை. 267-க்கும் 253-க்கும் இடையே 14, அதாவது இரண்டு பி.எஸ்.ஐ.; 253-க்கும் 225-க்கும் இடையே 28, அதாவது நான்கு. 31, 35, 37 பேசுகின்றன, 33 பேசவில்லை. முன் வலது சக்கரம். அந்த நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், டயர் குளிர்ந்த பிறகு, நான்கையும் 33-க்குக் கொண்டுவந்தேன்; சோதனைக்காக வைத்த அழுத்தத்தோடு வேகமாகவோ நீண்ட தூரமோ ஓட்டக் கூடாது.

டயர் கடையில்

இதற்கு மேல் வீட்டில் செய்வதற்கு இல்லை. சென்சார் டயருக்குள் இருக்கிறது. டயரை ரிம்மிலிருந்து பிரிக்க எந்திரம் வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். கடைக்காரர் பழைய சென்சார் ஒன்றை எடுத்துக் காட்டி, "உள்ளே கோந்து ஊத்தி மூடியிருக்காங்க, உடைச்சாத்தான் எடுக்க முடியுங்க. எடுத்து வேற போட்டாலும் நிக்காதுங்க" என்றார். சுழலும் சக்கரத்தின் விசையையும் ஈரத்தையும் தாங்க வேண்டிய பொருளை அறுத்து ஒட்டுவதில் எனக்கும் நம்பிக்கை இல்லை.

வேலை தொடங்குமுன் அவரிடம் ஒன்றைச் சொன்னேன்: டயரின் விளிம்பைப் பிரிக்கும் கரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் வையுங்கள் என்று. வால்வுக்கு அருகில் அழுத்தினால் சென்சார் உடையும். நல்ல கடைகளில் இது தெரிந்தே செய்கிறார்கள், அவரும் அறிந்திருந்தார். கழற்றிய சென்சாரின் முதுகில் அதன் அடையாள எண் அச்சிடப்பட்டிருந்தது. ரேடியோவில் நான் கேட்ட மூன்று எண்களில் அது இல்லை என்பதை நோட்டில் சரிபார்த்துக்கொண்டேன். புதிய சென்சாரில் அதே எண்ணை எழுதித் தந்தார்கள். ஆகவே வண்டிக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணைப் பிரதி எடுக்க முடியாத வண்டிகளில், மெனு வழியாகவோ, வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓ.பி.டி. துளையில் கருவியைச் செருகியோ புதிய எண்ணைப் பதிய வேண்டும். சில வண்டிகள் ஓட்டத்திலேயே தாமாகக் கற்றுக்கொள்கின்றன. வால்வின் ரப்பர் வளையம், நட்டு, பின், மூடி எல்லாம் புதியவை. எடை மாறியிருப்பதால் வீல் பேலன்சிங்கும் செய்தார்கள்.

நான்கையும் சேர்த்தே மாற்றியிருக்கலாமா என்று யோசித்தேன். மற்ற மூன்றும் அதே வயதினவை. அவையும் விரைவில் ஓயும். ஆனால் டயர்களுக்கு இன்னும் ஓராண்டாவது ஓட்டம் இருக்கிறது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம், 2022-இன் முப்பத்தொன்றாம் வாரத்தில் செய்தவை என்று சொல்கிறது. டயர் மாற்றும்போது எப்படியும் நான்கையும் பிரிப்பார்கள். மீதி மூன்றையும் அப்போது மாற்றிக்கொள்வதாக முடிவு செய்தேன். அதற்குள் ஒன்று ஓய்ந்தால், விளக்கு மீண்டும் சிமிட்டும். அடையாள எண்களும் அவற்றின் சக்கரங்களும் இப்போது நோட்டில் இருப்பதால், ஒரே ஓட்டத்தில் எது என்று தெரிந்துவிடும்.

கடையிலிருந்து திரும்பும் வழியில் சில நிமிடங்கள் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. இப்போது சாவியைத் திருப்பியதும் மூன்று விநாடி எரிந்து அணைகிறது. விளக்கு பழுதில்லை என்று வண்டி தானே செய்துகொள்ளும் சோதனை அது. தினமும் அளப்பதை நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒரு காலை என்று வைத்திருக்கிறேன். கடைசியாக எழுதிய வரி: முன் இடது 32.5, முன் வலது 33, பின் இடது 33, பின் வலது 32.5.